கம்ப்யூட்டர் காட்டுவது 16 டிபி, பெட்டிக்குள் இருப்பது 6: ஸ்டோரேஜ் வாங்கும் புது ஸ்டுடியோக்காரர்களுக்கு

போன ஆவணியில் உச்சிப்புளியில் ஒரு கல்யாணம் முடித்துவிட்டு, ராத்திரி 11 மணிக்கு மண்டபம் ஊரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வந்து கார்டுகளைக் காப்பி போட உட்கார்ந்தேன். பல டிஸ்க்கைச் சொருகி வைக்கும் என் டிஸ்க் பெட்டியில் இன்னும் 10 டிபி (டெராபைட்) காலி என்று கம்ப்யூட்டர் சொன்னது. இரண்டு கார்டு ஏறியது, இரண்டையும் ஃபார்மேட் அடித்தேன். மூன்றாவது கார்டு பாதியில் இருக்கும்போது உதவிக்கு இருக்கும் தம்பி, "அண்ணே, லைட்டு செவப்பா எரியிதுண்ணே" என்றான். அதற்கு முன் இரண்டு வாரமாக அதே லைட் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு நொடிக்கு 100 எம்பி ஓடிக்கொண்டிருந்த காப்பி 3 எம்பிக்கு இறங்கி, பிறகு அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் 10 டிபி காலி என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை கீழக்கரையில் நிக்காஹ். இரண்டு கார்டு குறைகிறது. கடை திறக்கும் நேரமும் இல்லை. மாப்பிள்ளையின் தம்பி சபரிலிருந்து (வெளிநாட்டிலிருந்து) வந்தவர், சீல் பிரிக்காத 512 ஜிபி கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நானும் சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் 38 நிமிடம் பளிச்சென்று இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லா ஃபைலுக்கும் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. நிக்காஹ் ஓதியது தப்பியது. சஹனை (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) சுற்றி உட்கார்ந்து சொந்தமெல்லாம் சாப்பிட்டது போய்விட்டது. மாப்பிள்ளையின் வாப்பா கேட்டதே அதைத்தான். பாக்கி 15,000 ரூபாயை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை.

ஒரே நாளுக்குள் இரண்டு விதமாக ஏமாந்தேன். பெட்டி சொன்னது பொய் இல்லை, அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை. கார்டு சொன்னது பச்சைப் பொய். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. புதிதாக ஸ்டுடியோ வைக்கிறவர்கள், மீன் கம்பெனியில் சிசிடிவி பதிவு பார்த்துக்கொள்கிறவர்கள், வீட்டுப் படங்களைச் சேர்த்து வைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் கீழே இருக்கும் வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

1 டிபி டிஸ்க்கைச் சொருகினால் விண்டோஸ் 931 ஜிபி காட்டும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,024ஆல் வகுத்துக்கொண்டே போகிறது. கடைப் படியும் வீட்டுப் படியும் வேறாக இருந்தால் அரிசி குறைந்த மாதிரி தெரியும் இல்லையா, அந்தக் கதைதான்.

நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவு: ஜிபியில் எழுதியிருந்தால் 0.93ஆல் பெருக்குங்கள், டிபியில் எழுதியிருந்தால் 0.91ஆல். 64 ஜிபி கார்டு 59.6 காட்டும். 128 என்றால் 119. 512 என்றால் 476. 4 டிபி டிஸ்க் 3.63. 8 டிபி என்றால் 7.27. ஃபார்மேட்டுக்கென்று இன்னும் கொஞ்சம் போகும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அது டிஸ்க் வந்த அட்டையில் போட்ட கணக்கிலேயே காட்டும். ஒரே 4 டிபி டிஸ்க்கை எடிட்டரின் மேக்கிலும் உங்கள் விண்டோஸிலும் போட்டுவிட்டு, "நடுவில் 370 ஜிபியை யார் எடுத்தது" என்று சண்டை போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

இந்தக் கணக்குக்குள் வரும் குறைவுக்காகக் கடைக்காரரிடம் போகாதீர்கள். ஒரு எச்சரிக்கை: அளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்காகக் கார்டு நல்லது என்று அர்த்தம் இல்லை. என் 512 ஜிபி போலிக் கார்டும் அச்சு அசலாக 476தான் காட்டியது.

2. எவ்வளவு தேவை என்று எழுதிப் பாருங்கள்

கேமராவில் 4கே பதிவு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 450 ஜிபி. ட்ரோன், போட்டோ எல்லாம் தனி. 6 டிபி இருந்தால் பதிமூன்று கல்யாணம். அவ்வளவுதான். ஆவணியும் தையும் சேர்ந்தால் அது தாண்டிவிடும்.

3. விலையைப் பார்த்தே பாதியைக் கழித்துவிடலாம்

1,500 ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி, 600 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று வரும் விளம்பரம் எதையும் தொடாதீர்கள். அந்த விலைக்கு அந்த அளவு கிடையாது. அப்படி வந்த ஒரு எஸ்எஸ்டியை நண்பர் ஒருவர் என் மேஜையில் வைத்துப் பிரித்தார். கையில் கனமாக இருந்த அலுமினியக் கூட்டுக்குள் விரல் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு, அதைச் சொருக ஒரு சின்ன போர்டு, கனத்துக்காகப் பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. மீன் பெட்டிக்கு அடியில் ஐஸ் நிரப்பி எடை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இருந்தும் ஏமாறுகிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். சிப்பை நடத்தும் கன்ட்ரோலருக்கு "நீ 512 என்று சொல்" என்று மாற்றி எழுதிவைத்திருப்பார்கள். உண்மையில் இருப்பது 32. அந்த 32 நிரம்பும் வரை எல்லாம் சரியாக ஓடும். அதற்கு மேல் வருவதைச் சில கார்டு எங்கேயும் எழுதாமலே "எழுதியாச்சு" என்று சொல்லும், சில கார்டு முதலில் எழுதியதன் மேலேயே எழுதும். ஃபைல் பெயர்ப் பட்டியல் மட்டும் நல்ல பகுதியில் இருப்பதால் எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தெரியும். கேமராவும் எச்சரிக்காது.

வெளிநாட்டிலிருந்து அன்பாகக் கொண்டுவந்து கொடுப்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கொடுத்தவரும் ஏமாந்தவர்தான். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 5ஆம் படி முடியாமல் கேமராவில் போடாதீர்கள்.

4. வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை

பில். ஜிஎஸ்டி எண் போட்ட பில். அதில் அளவும், முடிந்தால் சீரியல் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். "மெமரி கார்டு 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பிற்பாடு 512 என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது. ராமநாதபுரத்தில் கடையில் வாங்கினால் கொஞ்சம் கூட விலை ஆகும். நான் அந்தக் கூடுதலை மாற்றித் தருவதற்கான காசு என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை ஒரே ஷாட்டில் போனில் எடுங்கள். லேபிள், சீல், சீரியல் நம்பர் மூன்றும் தெரிய வேண்டும். விற்பவர் பெயரையும் பாருங்கள். தளம் பெரிதாக இருக்கலாம், அதற்குள் விற்கிறவர் யாரோ ஒருவர்.

நம் பக்கம் பெரிய சிக்கல் நாள் கணக்குதான். திருப்பி அனுப்பும் கெடு 7 நாள் என்றால் அது பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். "ஞாயிற்றுக்கிழமை பிரிச்சிக்கலாம்" என்று அலமாரியில் வைத்தால் 5 நாள் போய்விடும். 623 என்று தொடங்கும் உங்கள் பின்கோடுக்குத் திருப்பி எடுக்க ஆள் வருமா என்பதை ஆர்டர் போடும் முன்பே பாருங்கள். வராது என்றால் நீங்களே கூரியரில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவும் நாளும் உங்களுடையது.

5. எழுதிப் பார், திரும்பப் படித்துப் பார்

கார்டு, பென் டிரைவ், தனி டிஸ்க் எதுவானாலும் நம்பத் தகுந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். முழுக்க நிரப்ப வேண்டும், நிரப்பியதை முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும். ப்ராப்பர்ட்டீஸில் தெரிவது கார்டு தன்னைப் பற்றித் தானே சொல்வது. அதைச் சாட்சியாக எடுக்க முடியாது.

இதற்கு மென்பொருள் இருக்கிறது: விண்டோஸுக்கு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ முதலில் ஜெர்மன் மொழியில் திறக்கலாம், பயப்படாமல் இங்கிலீஷை டிக் செய்யுங்கள். கார்டைக் காலியாக வைத்துக்கொண்டு, இடம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, எழுதிச் சரிபார்க்கும் பட்டனை அழுத்துங்கள். 1 ஜிபி ஃபைல்களாக எழுதிக்கொண்டே போகும். கார்டில் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தால் காலி இருப்பதை மட்டும்தான் பார்க்கும், அதனால் காலியாக்குவது முக்கியம்.

என் கீழக்கரைக் கார்டுக்கு வந்த பதில்: 29 ஜிபி சரி, 447 ஜிபி போச்சு. மணிக்கு 45 ஜிபி என்றால் 29 ஜிபிக்கு எத்தனை நிமிடம் என்று போட்டுப் பாருங்கள், அந்த 38 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

நேரம் எடுக்கும். நொடிக்கு 20 எம்பி எழுதும் 128 ஜிபி கார்டுக்கு எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம், படிக்கத் தனி. 4 டிபி டிஸ்க் நொடிக்கு 120 எம்பி வேகத்தில் எழுத ஒன்பதேகால் மணி, படிக்க அதே அளவு. மொத்தம் பதினெட்டரை மணி நேரம். பழைய யூ.எஸ்.பி 2 ஓட்டையில் சொருகினால் எழுதவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். நீல நிற ஓட்டையைத் தேடுங்கள். நடுவில் கரன்ட் போனால் முதலிலிருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் யூ.பி.எஸ் இல்லாமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.

அவ்வளவு நேரம் இல்லை, வாசலில் நின்றே முடிவு சொல்ல வேண்டும் என்றால் வேலிடிரைவ் (ValiDrive) என்று ஒரு மென்பொருள் உண்டு. டிரைவ் முழுக்கப் பரவலாக 576 இடத்தில் எழுதிப் படித்துப் பார்த்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். போலியைப் பிடிக்க இது போதும். கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற கார்டுக்கு நான் முழுச் சோதனையைத்தான் நம்புகிறேன்.

ஒரு சின்னப் பொறி: 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலைக் காப்பி போட்டால் "இடம் இல்லை" என்ற மாதிரிச் சொல்லி மறுக்கும், ஆனால் 50 ஜிபி காலி இருக்கும். கார்டு போலி இல்லை. ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் முடிந்தது.

6. பல டிஸ்க் போடும் பெட்டி: இங்கேதான் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்

நான்கு ஐந்து டிஸ்க் சொருகி, வேண்டும்போது பெரிய டிஸ்க்காக மாற்றிக்கொள்ளும் பெட்டிகள் இருக்கின்றன. என்னுடையது, தொழிலை நிறுத்திய ஒருவரிடம் 14,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கியது. உள்ளே 4, 4, 2 என்று மூன்று டிஸ்க். கம்ப்யூட்டரில் 16 டிபி காட்டியதும் அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைத்தேன். விற்றவரும் திருத்தவில்லை.

இந்த வகைப் பெட்டி வேண்டுமென்றேதான் அப்படிச் சொல்கிறது. நாளைக்கு நீங்கள் பெரிய டிஸ்க் போடும்போது எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஃபார்மேட் போடக் கூடாது என்பதற்காக, ஆரம்பத்திலேயே ஒரு பெரிய அளவைக் கம்ப்யூட்டரிடம் சொல்லிவைத்துவிடுகிறது. 500 பேருக்கு இலையைப் போட்டுவிட்டு 200 பேருக்குச் சோறு வடித்த மாதிரி. இன்னொரு அண்டா அடுப்பில் ஏறும் வரை இலையை எண்ணிப் பயன் இல்லை. கம்ப்யூட்டருக்கு இலை மட்டும்தான் தெரியும்.

சோறு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். டிஸ்க் எல்லாவற்றையும் கூட்டுங்கள், இருப்பதிலேயே பெரிய டிஸ்க்கைக் கழியுங்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைக்க அந்த இடம் ஒதுக்கப்படுகிறது. என் பெட்டியில் 10இல் 4 போக 6 டிபி. விண்டோஸ் கணக்கில் 5.45. அதுதான் என் பெட்டியின் நிஜம். இரண்டு டிஸ்க் செத்தாலும் பிழைக்க வேண்டும் என்று செட்டிங் வைத்தால் பெரிய இரண்டைக் கழிக்க வேண்டும்: நான்கு 4 டிபி போட்டால் 16இல் 8தான் மிச்சம்.

இதில் காசைக் கரியாக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 4, 1 என்று இரண்டு டிஸ்க் போட்டால் பயன்படுவது 1 டிபி மட்டும். ஒரே ஒரு பெரிய டிஸ்க்கை வாங்கிப் போட்டால் கொடுத்த காசுக்குத் தக்க அளவு ஏறாது, ஏனென்றால் கழிக்கப்படுவதே அந்தப் பெரியதுதான். என் 4, 4, 2 பெட்டியில் 2ஐ எடுத்துவிட்டு 8 போட்டால் கூட்டல் 16, கழித்தல் 8, மிச்சம் 8. 8 டிபி டிஸ்க்குக்குக் காசு கொடுத்து எனக்குக் கிடைப்பது கூடுதலாக 2 டிபி. அந்த இடத்தில் 4 போட்டாலும் 12இல் 4 போக அதே 8தான்! நான் 4 வாங்கினேன், 9,500 ரூபாயோடு போனது.

உண்மைக் காலி இடத்தை எங்கே பார்ப்பது? பெட்டியோடு வரும் மென்பொருளில், அல்லது பெட்டியின் முகப்பு விளக்குகளில். என் பெட்டியில் 85 சதவீதம் நிரம்பினால் மஞ்சள், 95 தாண்டினால் சிவப்பு. பழையதாக வாங்கினால் அந்த மென்பொருள் இன்னும் கிடைக்கிறதா, உங்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று காசு கொடுக்கும் முன்பே பாருங்கள். அது இல்லாமல் பெட்டியை வாங்குவது டீசல் முள் இல்லாத போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிற மாதிரி.

5ஆம் படியில் சொன்ன சோதனையை இந்தப் பெட்டியின் மேல் ஓட்டாதீர்கள். 16 டிபி இருக்கிறது என்று நம்பி நிரப்பிக்கொண்டே போய், நிஜ அளவு வந்ததும் பெட்டி மூச்சு முட்டி நின்றுவிடும். டிஸ்க்கைப் பெட்டியில் போடும் முன் தனியாக ஒரு டாக்கில் (ஒற்றை டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் தாங்கி) வைத்துச் சோதியுங்கள். அதே போல், ஏற்கெனவே பெட்டியில் ஓடிய டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் சொருகினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் உங்கள் டேட்டாவின் துண்டு இருக்கிறது, விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியவில்லை.

அழித்தவுடன் இடம் கிடைக்காதது இன்னொரு குழப்பம். குப்பைத்தொட்டியில் கிடந்தால் இடம் விடாது, அதைக் காலி செய்யுங்கள். மேக்கில் அழித்தது அதே டிஸ்க்கில் மறைந்து கிடக்கும். காலி செய்த பிறகும் பெட்டி தன் கணக்கைத் திருத்தச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அழித்துக்கொண்டிருக்காதீர்கள்.

7. டிஸ்க் மாற்றும் நாள்

ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்தான். ஒன்றை எடுத்துப் புதியதைச் சொருகினால் பெட்டி தன்னைத் திருப்பிக் கட்டிக்கொள்ளும். 4 டிபி டிஸ்க்குக்கு நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலே 11 மணி நேரம். எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க்கைத் தொடுவதும், கரன்ட் போவதும் ஆகாது. முகூர்த்தம் இல்லாத மார்கழியில் இதை வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் முடிக்காத கல்யாணங்களை மட்டுமாவது ஒரு தனி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டி டிஸ்க் சாவிலிருந்து காப்பாற்றும், தவறுதலாக அழித்ததிலிருந்து காப்பாற்றாது.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டிக்குள் விசிறி ஓடுகிறது, அது வெளிக்காற்றை இழுக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து வரும். என் பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூ ஒரே வருடத்தில் துருப்பிடித்தது. கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கார்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

8. போலி என்று தெரிந்துவிட்டால்

முதலில் சோதனை முடிவு தெரியும் திரையைத் தேதியோடு போட்டோ எடுங்கள். கார்டை அழிக்காதீர்கள், எறியாதீர்கள். விற்றவருக்கு எழுத்தில் சொல்லுங்கள், போனில் பேசினால் பேசியது காற்றோடு போகும். கெடு நாளுக்குள் என்றால் "பழுது" என்று போடாமல் "அறிவித்த அளவு இல்லை" என்று போடுங்கள். பழுது என்றால் அதே போல இன்னொரு போலியை அனுப்பிவைப்பார்கள்.

பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், ஆர்டர் எண், சோதனைப் படம், பிரித்த வீடியோ நான்கையும் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், 2019ஆம் வருடச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 600 ரூபாய் பென் டிரைவுக்கு இவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் விருப்பம். 15,000 ரூபாய் டிஸ்க் என்றால் நான் போவேன்.

எனக்கோ யார் மேலும் போட வழியில்லை. கார்டுக்கு பில்லே கிடையாது, பெட்டியை விற்றவர் "உள்ளே 4, 4, 2" என்று சரியாகத்தான் சொல்லியிருந்தார். புது டிஸ்க் ஏறியதும் பெட்டியின் முகப்பில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் எழுதிவைத்தேன்: "நிஜம் 7.27. 6.1 வந்தால் நிறுத்து." தம்பி அதற்குக் கீழே தன் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறான்: "மஞ்ச லைட்டு அழகுக்கு இல்ல."